ஈரலுக்கு வந்த மரியாதை

மாஸ்டரம்மா சாப்பிட்டாளா, இல்லையா என்பது அந்த வீட்டில் யாருக்கும் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. சமையல்காரி பட்டினியாகவா கிடக்கப் போகிறாள் என்கிற அலட்சியம். ஆனால் அண்ணனின் ஈரல் கெட்டுப்போய், தங்கையின் ஈரலிலிருந்து ஒரு பகுதியை வெட்டி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னாரே, அன்றையிலிருந்து பாருங்கள், அவள் வாய்க்குள் என்ன போகிறது என்பதுதான் வீட்டுக்கே தலைபோகிற காரியம். காலையில் அண்ணி மாடியேறி வந்து கேட்கிறாள். மதியம் போனில் கேட்கிறாள். ராத்திரி வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்கிறாள். என்ன சாப்பிட்டே, எவ்வளவு சாப்பிட்டே, எண்ணெய் இருந்ததா, சர்க்கரை போட்டியா. இந்தக் கேள்வியெல்லாம் அவளுக்கா? சேச்சே. அவளுடைய வலது விலா எலும்புக்குக் கீழே இருக்கிற ஒரு உறுப்புக்கு.

அவள் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. மூன்று ஷிப்டுக்கும் அவள் கையால்தான் அடுப்பு மூட்ட வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் மாஸ்டரம்மா என்று கூப்பிடப்போய், அந்தப் பெயரே வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. புருஷன் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே விபத்தில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. உறவுக்காரர்கள் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அவளுக்கென்ன, தனிக்கட்டை" என்பார்கள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டையாம். வயிற்றில் ஈரல் இருக்கிற கட்டை.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கிளட்சை விடு, பிரேக்கைப் பிடி, இடது பக்கம் ஒடி என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப் போனவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம். அம்மா இறந்தபோது தங்கையின் படிப்பை நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பியதும் அவர் சொன்னதுதான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்ததும், மாப்பிள்ளை போன பிறகு சாமானை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடு என்றதும் அவர் சொன்னதுதான். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. எந்தக் காலத்திலோ வந்துபோன ஒரு வைரஸ் உடம்புக்குள்ளேயே குடியிருந்து, சத்தமில்லாமல் ஈரலை அரித்துத் தின்றுவிட்டிருந்தது. கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, கால் வீங்கின பிறகுதான் தெரிந்தது.

யார் கொடுப்பது என்று பார்த்தார்கள். அண்ணியின் ரத்தப் பிரிவு சேரவில்லை. மகள் நிறைமாதக் கர்ப்பிணி. மிச்சம் இருந்தது தங்கை. மிச்சம் என்பதுதான் சரியான வார்த்தை, பாத்திரத்தின் அடியில் கிடக்கிறதைச் சொல்கிற மாதிரி. டாக்டர், "கொடுக்கப்போறது யாரு?" என்று கேட்டபோது, அண்ணன் எந்தக் காரை எடுக்கலாம் என்று காட்டுகிற மாதிரி முகவாயால் அவள் பக்கம் காட்டினார். அவ்வளவுதான். அவள் தலையாட்டினாளா இல்லையா என்று பார்க்கக்கூட யாரும் திரும்பவில்லை.

கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அது அவளுக்கே தெரியாது. ஒருவேளை சரியென்று சொல்லியிருப்பாள். ஒருவேளை பயமாக இருக்கிறது, இரண்டு நாள் டயம் கொடுங்கள் என்றிருப்பாள். தன் மனசில் என்ன இருக்கிறது என்று தானே தெரிந்துகொள்ள ஒரு மனுஷிக்கு முதலில் யாராவது கேள்வி கேட்க வேண்டுமா இல்லையா? அந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாக் கேள்வியையும் கேட்டார்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இன்னொரு சிக்கல். அவளுடைய ஈரல் என்சைம்களும் ஏறியிருந்தன. ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கொழுப்பு. இப்படி இருக்கிற ஈரலிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்க முடியாது, எடுத்தால் கொடுக்கிறவருக்கும் ஆபத்து, வாங்குகிறவருக்கும் ஆபத்து என்றார் டாக்டர். மருந்து எதுவும் வேண்டாம், சாப்பாட்டைச் சரிசெய்து, நடந்து, எடையைக் குறைத்தாலே கொழுப்பு கரையும், எண்கள் இறங்கும், மூன்று மாதத்துக்குள் முடிந்தால் அண்ணன் தாங்குவார் என்றும் சொன்னார். டயட்டீஷியன் ஒரு சின்னப் பெண். என்னவெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மாஸ்டரம்மாவும் தட்டில் போட்டுச் சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சர்க்கரை கூடாது, பொரித்தது கூடாது, சோறு ஒரு கைப்பிடி, காய்கறியும் பருப்பும் முட்டையும் தாராளமாக, காப்பி குடிக்கலாம் ஆனால் வெறும் காப்பி. அந்த அட்டவணையை அண்ணி வாங்கிக் கீழ்வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டாள். மேலே ஒட்டவில்லை, கீழே.

மாஸ்டரம்மா அதைப் பிசகாமல் செய்தாள். இதை நம்ப வேண்டும், ஏனென்றால் அவளைத் தவிர வேறு யாரும் நம்பவில்லை. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, எண்ணூறு பேருக்குக் கறியும் கோழியும் சமைத்துப் போட்டுவிட்டு, மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணி கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து வேகவைத்த அவரையைத் தின்றாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனாள், நடந்தே திரும்பினாள். தூக்கத்தில்கூடப் பசித்தது. வெறுங்காப்பியைக் குடிக்கும்போது முகம் கோணும், அதற்கும் பழகிக்கொண்டாள்.

பாதி வழியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண்கள் இறங்கவே இல்லை. எஸ்.ஜி.பி.டி. என்கிற ஈரல் என்சைம் ஒரு படி ஏறித்தான் இருந்தது. எடையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கீழ்வீட்டில் பஞ்சாயத்து. பஞ்சாயத்து என்றால் அண்ணி பேசினாள், அண்ணன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மாஸ்டரம்மா நின்றுகொண்டிருந்தாள், உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. தான் பார்த்துப் பார்த்து வேகவைத்துக் கட்டிக் கொடுத்ததெல்லாம் குப்பைக்குத்தான் போயிருக்கிறது என்றாள் அண்ணி. கேன்டீனில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு இங்கே வந்து பத்தியக்காரி வேஷம் போடுகிறாள் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

"வேணும்னேதான் பண்றே. ஈரல் சரியாயிட்டா குடுக்கணுமே. சரியாகலன்னா தப்பிச்சிக்கலாம். வாயால மாட்டேன்னு சொல்ல தைரியம் இல்ல, வயித்தால சொல்றே."

மாஸ்டரம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணி பேசட்டும், வெளியிலிருந்து வந்தவள், புருஷன் போய்விடுவானோ என்கிற பயத்தில் பேசுகிறாள். அண்ணனாவது, சீ, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"பிரேக் மேலேயே காலை வச்சிக்கிட்டு வண்டி ஓட்டறா."

அடப்பாவி மனுஷா. தன் கையால் ஒரு வாய் ருசியாகச் சாப்பிட்டு எத்தனை வாரம் ஆகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் திரும்பிப் படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளே ஒரு சின்னக் குழப்பமும் இருந்தது. சத்தியமாக எதையும் திருட்டுத்தனமாகத் தின்னவில்லை. அப்புறம் ஏன் இறங்கவில்லை?

மறுநாள் அண்ணி கேன்டீனுக்கே வந்துவிட்டாள். மேனேஜரிடம் போய்க் கண்ணைக் கசக்கி, வீட்டு நிலவரத்தைச் சொல்லி, ஒரு நாள் உள்ளே உட்கார்ந்துகொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டுவிட்டு, கவிழ்த்துப்போட்ட காய்கறிக் கூடை ஒன்றின் மேல் உட்கார வைத்தார்கள். அங்கேயிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மாஸ்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷமாக இந்த அடுப்படியில் அவள் சொன்னதுதான் சட்டம். இன்றைக்கு அவள் வாயையே காவல் காக்க ஒருத்தி கூடைமேல் உட்கார்ந்திருக்கிறாள். காய் நறுக்குகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டரம்மா அண்டாவை ஏற்றினாள், அண்டாவை இறக்கினாள், சட்டுவத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகப் போட்டாள்.

பருப்பு கொதித்தது. கரண்டியால் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, உப்புப் போடச் சொன்னாள். மறுபடி விட்டு நக்கினாள், சரியாக இருந்தது. கறிக்குழம்பு. முதல் கொதியில் ஒரு தடவை, காரம் சேர்ந்த பிறகு ஒரு தடவை, எண்ணெய் பிரிந்த பிறகு ஒரு தடவை, இறக்கும் முன் ஒரு தடவை. உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு துண்டு, மொறுமொறுப்பு வந்ததா என்று. இரண்டாவது ஈடு வறுவலில் இன்னொன்று. கோழி வெந்ததா என்று ஒரு விள்ளல். கஸ்டர்டில் சர்க்கரை பார்க்க ஒரு கரண்டி முனை. அண்ணி கூடையிலிருந்து எழுந்தாள்.

"அது என்ன?"

"எது?"

"இப்ப வாயில போட்டது."

"உப்புப் பார்த்தேன்."

"முழுங்கினியா இல்லையா?"

மாஸ்டரம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. உப்புப் பார்ப்பது சாப்பிடுவதா? உலகத்தில் எந்தச் சமையல்காரியிடம் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று. மத்தியானம் இரண்டு மணிக்குத் தட்டில் போட்டதைத்தான் சொல்வாள். உள்ளங்கையில் விட்டு நக்கியது கணக்கிலேயே வராது. அது வேலை. அது கை கழுவுவது மாதிரி, கரண்டி பிடிப்பது மாதிரி. அவள் அதைத்தான் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

அண்ணி வாக்குவாதம் பண்ணவில்லை. தண்ணீர் வைக்கிற கண்ணாடி ஜக்கு ஒன்றை எடுத்து அடுப்புத் திண்டில் வைத்தாள். இனி எதை ருசி பார்த்தாலும், அதே அளவு இதிலும் ஊற்று, துண்டாக இருந்தால் துண்டைப் போடு என்றாள். மாஸ்டரம்மா வீம்புக்கு ஒப்புக்கொண்டாள். உள்ளங்கை அளவுதானே, ஜக்கின் அடிகூட நனையாது, அப்புறம் இவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறாள் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

மதியச் சாப்பாடு போய், சாயங்காலச் சிற்றுண்டி போய், ராத்திரி ஷிப்டுக்கான சமையல் பாதியில் இருந்தபோது ஜக்கு கழுத்து வரைக்கும் வந்திருந்தது. குழம்பும் பருப்பும் பாலும் வறுவலும் ஒன்றாய்க் கலந்து, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதந்தது. இத்தனைக்கும் அது காலை ஷிப்டைச் சேர்க்காத கணக்கு. காய் நறுக்குகிற பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ மாஸ்டரம்மா, இது ஒரு ஆள் சாப்பாடு என்றாள்.

மாஸ்டரம்மாவால் ஜக்கிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வேகவைத்த அவரைக்காயைத் தின்று, பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து, எல்லாம் பண்ணிவிட்டு, இந்தப் பக்கம் தினமும் ஒரு ஜக்கு எண்ணெயைத் தானே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். தன்மேல் வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. தப்பு தன்னுடையது என்று தெரிந்தபிறகு வருகிற கோபம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது, அதை யார் மேலும் காட்ட முடியாது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி."

"நம்பறேன்," என்றாள் அண்ணி. தொப்பியைக் கழற்றினாள். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஆனா உனக்குத் தெரியறதுக்குள்ள அவர் போயிடுவாரு. இனிமே நீ ஒரு சொட்டு முழுங்கக்கூடாது."

வேணும்னே பண்றே என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை மன்னிப்பு வரும் என்று மாஸ்டரம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. அண்ணி ஜக்கைச் சாக்கடையில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ருசி பார்க்காமல் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பதுதான். முதல் வாரமே பருப்பில் உப்பு இரட்டையாக விழுந்து, ஒரு ஷிப்டு மொத்தமும் தட்டைத் திருப்பியது. மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். வேறு வழியில்லாமல் நாக்கில் வைத்துவிட்டுத் துப்பக் கற்றுக்கொண்டாள். மூலைத் தொட்டிக்கு ஓடி, துப்பி, வாய் கொப்பளித்து, திரும்பி வந்து, அடுத்த அண்டா. தான் சமைத்ததைத் தானே துப்புவது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கூட இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவை துப்பும்போதும் மனசுக்குள் ஒரு ஆளைத் திட்டினாள். பெரும்பாலும் அண்ணனை. சில நாள் அண்ணியை. ஒரு நாள் செத்துப்போன புருஷனையும் சேர்த்துத் திட்டினாள், அவன் இருந்திருந்தால் இந்த வீட்டில் இவளை இப்படித் தராசில் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று.

தராசு என்றால் நிஜமாகவே தராசுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி எடை பார்க்கிற மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்து அவளை ஏற்றி நிறுத்துவாள். எண்ணைப் பார்த்து அண்ணனிடம் சொல்வாள். குறைந்திருந்தால் அண்ணன் ம்ம் என்பார். இறைச்சிக் கடையில் நிறுக்கிறவன்கூட, ஆடு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பான். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பு லேசானது. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. முழங்கால் வலி போனது. கண்ணாடியில் பார்த்தால் கழுத்து தெரிந்தது. இது என் உடம்பு, நான் சரிபண்ணினேன் என்று ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

மூன்றாவது பரிசோதனையில் எண்கள் எல்லாம் கோட்டுக்குள் வந்துவிட்டன. ஸ்கேனில் கொழுப்பு பெருமளவு கரைந்திருந்தது. டாக்டர், பிரமாதம், இப்படி ஒழுங்காகச் செய்கிறவர்கள் அபூர்வம் என்றார். அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே போனை எடுத்து மகளிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "ஈரல் ரெடியாயிடுச்சு." அத்தை ரெடி என்று சொல்லவில்லை. ஈரல் ரெடி. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அவளுடைய ஈரலுக்குக் கிடைத்துவிட்டது.

அன்றைக்கே தேதி குறித்தார்கள். அண்ணன் அவளைக் கீழே கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து கேன்டீனுக்கு லீவு சொல்லிவிடு, இரண்டு செட் துணி எடுத்து வைத்துக்கொள் என்றார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இப்போதாவது கேட்பாரா, இப்போதாவது கேட்பாரா என்று நின்றாள். அவர் அடுத்த மாத்திரை எது என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் உறுப்பு தானத்தைக் கவனிக்கிற கோ-ஆர்டினேட்டர் அவளைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணி கூட எழுந்தபோது, நீங்கள் வெளியே இருங்கள் என்று கதவைச் சாத்திவிட்டாள். சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. அந்தப் பெண் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"உங்களுக்கு இதுல சம்மதமா?"

மாஸ்டரம்மா வாயைத் திறந்தாள். இத்தனை மாதம் வராத அழுகை அப்போதுதான் வந்தது, முகம் தெரியாத ஒருத்திக்கு முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கூடப் பிறந்தவன் கேட்க வேண்டியதைச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி கேட்கிறாளே என்று அழுதாள். அந்தப் பெண் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம், அவளுக்குப் பயம் என்று நினைத்தோ என்னவோ, தணிந்த குரலில் சொன்னாள்:

"வேண்டாம்னா தயங்காம சொல்லுங்க. உங்க ஈரல் பொருந்தலன்னு மட்டும்தான் வீட்ல சொல்லுவோம். உண்மையான காரணம் யாருக்கும் தெரியாது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிற ஏற்பாடு அது. ஆனால் மாஸ்டரம்மாவின் கண்ணீர் நின்றுவிட்டது. பொருந்தாத ஈரலா? அவரையும் பருப்பும் தின்று, கொப்பளித்துத் துப்பி, நடந்து நடந்து செருப்பு தேய்ந்து, உண்டாக்கிய ஈரல். அதைப் போய்ச் சரியில்லை என்று சொல்வதா? அதுவும், மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லாமல் வயிற்றால் சொல்கிறாள் என்று அண்ணி சொன்னாளே, அதை நிஜமாக்குகிற மாதிரி?

"என் ஈரல் நல்லா இருக்கு மேடம். அது சரியில்லன்னு யாரும் சொல்லக்கூடாது. மாட்டேன்னா மாட்டேன்னு நானே சொல்லுவேன்."

எழுந்து கதவைத் திறந்தாள். வராந்தாவில் அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தார். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, போர்வைக்குக் கீழே வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் அண்ணி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரம்மா நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணா, என்கிட்ட கேளு."

"என்னத்தைக் கேக்கறது?"

"என் ஈரல்ல ஒரு பகுதி உனக்கு வேணும். அதை என்கிட்ட கேளு."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, நான் கேட்கிறேன் என்று கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தாள். மாஸ்டரம்மா அவளைத் தடுத்துவிட்டாள். அண்ணியிடம் அவளுக்கு இருக்கிற கணக்கு வேறு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேதியெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இப்போது வந்து என்ன கூத்து என்றார் அண்ணன். உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான் என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வளர்த்ததுக்குக் கூலின்னாகூடச் சரிதான். ஆனா அதையும் நீ கேட்டுத்தான் வாங்கணும். நீ சொல்லி நான் ஸ்கூலை விட்டேன். நீ சொல்லிக் கழுத்தை நீட்டினேன். நீ சொல்லி மாடிக்கு வந்தேன். இது என் வயித்துக்குள்ள இருக்கறது. இதை உன்னால சொல்லி வாங்க முடியாது."

அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். இந்த வயதில், இந்த நிலைமையிலும் அந்தத் தலை திரும்புகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. சரி என்றாள். ராத்திரி ஷிப்டுக்குச் சமையல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தாள். விளையாட்டில்லை, நிஜமாகவே போனாள். பின்னால் அண்ணி அவரை உலுக்கி அழுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் வந்து கதவு திறந்தது.

"ஏய், நில்லு."

நிற்கச் சொல்கிறார். அதற்கும் உத்தரவுதான். அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நில்லும்மா. கேக்கறேன்."

அவள் காலை வெளியே எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. அண்ணனின் குரல் அவள் இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயம். உனக்கு நான் பண்ணதெல்லாம் எனக்குத் தெரியாதா? அதான் கேக்கல. கேக்காமலே வாங்கிடலாம்னு பார்த்தேன்." கொஞ்ச நேரம் இருமினார். "எனக்குச் சாக பயமா இருக்கு. உன் ஈரல்ல கொஞ்சம் எனக்குத் தருவியா?"

லிஃப்ட் கதவு அவள் தோளில் இடித்து மறுபடி திறந்தது. மாஸ்டரம்மா வெளியே வந்தாள். லிஃப்ட் போய்விட்டது. வராந்தா முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, இந்தத் தடவை உள்ளே என்ன போகிறது என்று அல்ல, வெளியே என்ன வரப்போகிறது என்று. மாட்டேன் என்கிற சொல் நுனிநாக்கில் தயாராக இருந்தது. சொல்லலாம். சொன்னால் யாரும் அவளை ஒன்றும் பண்ண முடியாது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தச் சொல் அவள் வசம் இருந்தது, அதோடு அண்ணனின் உயிரும் இருந்தது. எதிரில் இருக்கிற மஞ்சள் கண்ணையும் போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்த கையையும் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வந்தது. கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

"தரேன்," என்றாள். "ஆனா எனக்கு உன்மேல கோபம் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு நீ எழுந்து நடந்தாலும் இருக்கும். அதையும் தெரிஞ்சிக்கிட்டு வாங்கிக்க."

அவர் தலையை ஆட்டினார். அண்ணி ஃபைலைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் நின்றுகொண்டிருந்த கோ-ஆர்டினேட்டரிடம் போனாள்.

"எழுதிக்கங்க மேடம். என்கிட்ட கேட்டாரு. நான் சரின்னு சொன்னேன்."